மாதப் பெயர்களும் நழுவும் பருவங்களும்

உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியைச் சற்று உற்றுப் பாருங்கள். பெரிய எழுத்தில் ஆங்கிலத் தேதி இருக்கும். அதன் அருகே சிறிய எழுத்தில் 'ஆவணி 12' என்றோ 'மாசி 3' என்றோ தமிழ்த் தேதி இருக்கும். அந்தச் சொல்லை நாம் நாள்தோறும் கிழித்துப் போடுகிறோம். அதற்கு என்ன பொருள் என்று என்றைக்காவது யோசித்ததுண்டா?

நானும் யோசித்ததில்லை. என்னை யோசிக்க வைத்தவர்கள் ஒரு தாத்தாவும் அவருடைய பேரனும் ஆவர்.

ஆவடிக்கும் பட்டாபிராமுக்கும் இடையே உள்ள சேக்காட்டில் நான் குடியிருக்கிறேன். ஒரு பொங்கல் நாள் காலை, பக்கத்து வீட்டு வாசலில் பானை பொங்கி வழிந்தது. வீட்டுப் பெரியவர் கிழக்கே பார்த்துக் கும்பிட்டுவிட்டு, "இன்றோடு தட்சிணாயனம் முடிந்தது. இனிமேல் சூரியன் வடக்கே திரும்புவான்" என்றார். கல்லூரியில் படிக்கும் அவருடைய பேரன் சும்மா இருக்கவில்லை. "இல்லை தாத்தா, அது டிசம்பர் 22ஆம் தேதியே திரும்பிவிட்டது. மூன்று வாரம் ஆயிற்று. புத்தகத்தில் இருக்கிறது" என்றான். பிறகு ஆதரவு தேடி என்னைப் பார்த்தான்.

பெரியவரும் என்னைப் பார்த்தார். "வழிவழியாகச் சொல்லி வருகிறோம், தம்பி. அத்தனை பேருமா பொய் சொன்னார்கள்?"

பௌதிகம் கற்பிப்பவன் என்ற முறையில், "புத்தகம்தான் சரி" என்று சொல்லிவிட்டு நான் நகர்ந்திருக்கலாம். ஆனால் அது பாதி விடைதான் என்று எனக்குத் தோன்றியது. மீதிப் பாதியைத் தேடிப் போனபோது, நம் மாதப் பெயர்களின் கதையே விரிந்தது. அதை உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

முழுமதி சூட்டிய பெயர்கள்

நிலா விண்மீன்களுக்கு இடையே வானத்தை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 27 நாள் 8 மணி நேரம் ஆகிறது. எனவே அது செல்லும் பாதையை 27 பங்குகளாக்கி, ஒவ்வொரு பங்குக்கும் அங்குள்ள விண்மீனின் பெயரை முன்னோர் இட்டனர். அசுவினி முதல் ரேவதி வரையுள்ள 27 நட்சத்திரங்கள் இவையே. ஆண்டில் பன்னிரண்டு முழுமதிகள் வருகின்றன. ஒவ்வொரு முழுமதியும் எந்த விண்மீனை ஒட்டி நிற்கிறதோ, அந்த விண்மீனின் பெயரே அந்த மாதத்தின் பெயர்.

சித்திரை மாதத்தின் பெயர் சித்திரை விண்மீனிலிருந்து வந்தது. கன்னி ஓரையில் வெண்ணிறமாக ஒளிரும் 'ஸ்பைக்கா' இதுவே. விசாகத்திலிருந்து வைகாசி. கார்த்திகைக்குக் கார்த்திகையே; மகத்திலிருந்து மாசி. இவை எளிதில் விளங்குபவை. வேறு சில பெயர்கள் நெடுங்காலம் நாவில் புரண்டு உருமாறியவை. திருவோணத்தின் வடமொழிப் பெயர் சிரவணம். அந்த மாதம் சிராவணம். அது நம் நாவில் ஆவணி ஆயிற்று. பூராடம், உத்திராடம் இரண்டிலும் ஒளிந்திருக்கும் 'ஆஷாடம்' ஆடியாயிற்று. பூரட்டாதி புரட்டாசியாகவும், அசுவினி தொடர்பான 'அசுவயுஜம்' ஐப்பசியாகவும் மாறின. மிருகசீரிடத்துக்கு உரிய மார்கசீர்ஷமே மார்கழி. பூசத்துக்குத் 'திஷ்யம்' என்றும் ஒரு பெயருண்டு. அதன் மாதமான தைஷ்யம் சுருங்கித் தை ஆயிற்று. பங்குனி, பூரத்துக்கும் உத்திரத்துக்கும் பொதுவான 'பல்குனி' என்ற பெயரிலிருந்து வந்தது. ஆனிக்கு வடமொழியில் ஜ்யேஷ்டம் என்று பெயர். அது கேட்டை விண்மீனின் பெயராகும்.

நம் விழாக்களை எண்ணிப் பாருங்கள். சித்ரா பௌர்ணமி, வைகாசி விசாகம், திருக்கார்த்திகை, தைப்பூசம், மாசிமகம், பங்குனி உத்திரம் ஆகியவை எல்லாம் மாதத்தையும் விண்மீனையும் முழுமதியையும் ஒன்றாகக் கட்டிய முடிச்சுகள் அல்லவா? நாட்காட்டியோ கடிகாரமோ இல்லாத ஒரு சிற்றூர்க்காரர், இரவில் நிலாவையும் அதன் பக்கத்து விண்மீனையும் பார்த்தே மாதத்தைச் சொல்லிவிட முடிந்தது.

ஆனால் ஒரு நுட்பம் உண்டு. தமிழ் மாதம் முழுமதியைக் கொண்டு தொடங்குவதில்லை. சூரியன் ஓர் ஓரையிலிருந்து அடுத்த ஓரைக்குள் நுழையும்போது தொடங்குகிறது. மேட ஓரையில் நுழைந்தால் சித்திரை. மகரத்தில் நுழைந்தால் தை. நம் அண்டை நிலமான கேரளத்தில் மாதங்களுக்கு இந்த ஓரைகளின் பெயரையே இட்டிருக்கிறார்கள்: மேடம், இடவம், மிதுனம் என்று. நாமோ சூரியனைக் கொண்டு மாதத்தை அளந்து, முழுமதியைக் கொண்டு பெயரிட்டோம். இரண்டும் முற்றிலும் ஒத்துப் போவதில்லை. முழுமதி சில ஆண்டுகளில் பெயருக்குரிய விண்மீனில் நிற்கும். சில ஆண்டுகளில் அடுத்த ஓரிரு விண்மீன்கள் வரை தள்ளி நிற்கும். ஆவணி முழுமதி திருவோணத்தைத் தாண்டி அவிட்டத்தில் நிற்பதுண்டு. 'ஆவணி அவிட்டம்' என்ற வழக்கு அதை நினைவூட்டுகிறது.

சூரியனைக் கொண்டு அளப்பதால் விளையும் இன்னொரு வியப்பையும் பாருங்கள். ஆனி மாதம் சில ஆண்டுகளில் 32 நாள் ஓடுகிறது. மார்கழியோ 29 நாளில் முடிந்துவிடுகிறது. பூமி ஜனவரித் தொடக்கத்தில் சூரியனுக்கு மிக அருகில் இருப்பதால் வேகமாகச் செல்கிறது. ஜூலைத் தொடக்கத்தில் தொலைவில் இருப்பதால் மெதுவாகச் செல்கிறது. 1609இல் கெப்ளர் வெளியிட்ட விதியின் விளைவு இது. அந்த விதியை அறியாமலேயே அதன் விளைவை நம் பஞ்சாங்கம் மாதக் கணக்கில் பதித்து வைத்திருந்தது.

ஆண்டுக்கு ஒரு நாழிகை

இனிப் பெரியவரின் கேள்விக்கு வருவோம்.

சூரியன் மகர ஓரையில் நுழைவது தை முதல் நாள். ஓரை என்பது விண்மீன்களைக் கொண்டு குறித்த இடம். ஆனால் சூரியன் வடக்கே திரும்புவது விண்மீன்களைப் பொறுத்ததன்று. பூமியின் அச்சு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. அச்சின் திசை மாறாமல் இருந்தால் இரண்டும் என்றும் ஒரே நாளில் நிகழும். சிக்கல் என்னவென்றால், அச்சின் திசை மாறுகிறது.

தெருவில் சிறுவர்கள் விடும் பம்பரத்தைக் கவனித்திருப்பீர்கள். வேகமாகச் சுழன்றுகொண்டே அது தலையை மெல்ல வட்டமாக ஆட்டும். பூமியும் ஒரு பம்பரம்தான். அது சரியான உருண்டையன்று. நடுக்கோட்டுப் பகுதியில் விட்டம் துருவங்களுக்கு இடையே உள்ளதைவிட ஏறத்தாழ 43 கிலோமீட்டர் அதிகம். இந்தப் புடைப்பைச் சூரியனும் நிலாவும் ஈர்ப்பதால் பூமியின் அச்சு தலையாட்டுகிறது. ஒரு முழு ஆட்டத்துக்கு ஏறத்தாழ 25,800 ஆண்டுகள் ஆகும். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க வானியலார் ஹிப்பார்க்கஸ் இதன் விளைவைக் கண்டார். காரணத்தை 1687இல் நியூட்டன் விளக்கினார். இதை நம் நூல்கள் அயன சலனம் என்கின்றன.

இதனால் என்ன ஆகிறது? சூரியன் பழைய பருவத்துக்குத் திரும்பிய பிறகு, பழைய விண்மீனை அடைய இன்னும் 20 நிமிடம் தேவைப்படுகிறது. வாக்கியப் பஞ்சாங்கம் கொள்ளும் ஆண்டு 365 நாள் 15 நாழிகை 31 விநாழிகை. அதாவது 365 நாள் 6 மணி 12 நிமிடம். பருவங்கள் திரும்பி வரும் ஆண்டோ 365 நாள் 5 மணி 49 நிமிடம். வேறுபாடு ஏறத்தாழ 24 நிமிடம். 24 நிமிடம் என்பது ஒரு நாழிகை அல்லவா? ஆண்டுக்கு ஒரு நாழிகை வீதம் நம் மாதங்கள் பருவத்தைவிட்டு நழுவுகின்றன. 60 நாழிகை ஒரு நாள். ஆகவே பிரபவ முதல் அட்சய வரையுள்ள 60 ஆண்டுச் சுற்று ஒன்று முடியும்போது, மாதங்கள் ஒரு நாள் தள்ளிப் போயிருக்கும். அறுபதாம் கல்யாணம் கொண்டாடும் ஒவ்வொருவரும் தம் வாழ்நாளில் தைப்பொங்கலை ஒரு நாள் நகர்த்தியிருக்கிறார் எனலாம்.

இது வெறும் காகிதக் கணக்கன்று. சுவாமி விவேகானந்தர் பிறந்தது 1863 ஜனவரி 12. அன்று மகர சங்கராந்தி. இப்போது அது ஜனவரி 14 அல்லது 15இல் வருகிறது.

சரி, அப்படியானால் எப்போது தை முதல் நாளில் சூரியன் உண்மையாகவே வடக்கே திரும்பியது? இந்திய அரசின் நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு ஏற்ற கணக்கின்படி ஏறத்தாழ கி.பி. 285இல். அந்தக் காலத்தில் பெரியவரின் முன்னோர் சொன்னது முற்றிலும் சரி. இன்று திருப்பம் நிகழ்வது மார்கழி 6 அல்லது 7இல். சொல் அப்படியே நின்றது. வானம் 24 நாள் நகர்ந்துவிட்டது.

நெல்லைப் பார்த்துப் பெயர் வைத்தவர்கள்

விண்மீனைப் பார்த்துப் பெயர் வைத்ததால்தானே இந்தத் தொல்லை? மண்ணைப் பார்த்து வைத்திருந்தால் நழுவாது அல்லவா? இப்படி நீங்கள் கேட்கக்கூடும். நம்மைப்போல் நெல்லை நம்பி வாழ்ந்த ஜப்பானியர் அப்படித்தான் செய்தனர்.

அவர்களுடைய பழைய மாதப் பெயர்களில் விண்மீன் கிடையாது. மூன்றாம் மாதம் யயோய். புல் பூண்டுகள் தழைக்கும் மாதம். ஐந்தாம் மாதம் சத்சுகி. நாற்று நடும் மாதம். ஆறாம் மாதம் மினசுகி. வயலில் நீர் நிற்கும் மாதம் என்று பொருள் சொல்கிறார்கள். பதினோராம் மாதம் சிமொத்சுகி, உறைபனி மாதம். பத்தாம் மாதமான கன்னசுகியின் கதை சுவையானது. அம்மாதத்தில் நாட்டிலுள்ள தெய்வங்கள் எல்லாம் இசுமோ என்னும் ஊரில் கூடுகின்றனவாம். அதனால் மற்ற ஊர்களில் அது 'தெய்வம் இல்லாத மாதம்'. இசுமோவில் மட்டும் 'தெய்வம் இருக்கும் மாதம்'!

இந்த மாதங்கள் நிலாவைக் கொண்டு அளக்கப்பட்டவை. தேவைப்படும்போது பதின்மூன்றாவது மாதம் ஒன்றைச் சேர்த்து, பருவத்தோடு ஒட்ட வைத்துக்கொண்டார்கள். ஆயிரம் ஆண்டுக்கு மேல் இந்த ஏற்பாடு நடந்தது. பின்பு 1872இல் ஜப்பானிய அரசு மேல்நாட்டு நாட்காட்டியை ஏற்றது. பழைய கணக்கில் பன்னிரண்டாம் மாதம் 2ஆம் நாளோடு ஆண்டை முடித்து, மறுநாளை 1873 ஜனவரி 1 என்று அறிவித்தது. பழைய முறையில் 1873 பதின்மூன்று மாதங்கள் கொண்ட ஆண்டு. புதிய முறையால் அரசுக்கு ஊதியச் செலவும் மிச்சமாயிற்று.

ஆனால் பெயர்களுக்கு என்ன நேர்ந்தது? பழைய முதல் மாதத்தின் பெயர் ஜனவரிக்குப் போயிற்று. ஐந்தாம் மாதத்தின் பெயர் மே மாதத்துக்குப் போயிற்று. பழைய மாதங்கள் அதற்கு மூன்று முதல் ஏழு வாரம் பிந்தி வருபவை. எனவே நாற்று நடும் மழைக்கால மாதத்தின் பெயர், வெயில் அடிக்கும் மே மாதத்தின் மேல் உட்கார்ந்துகொண்டது. ஏழாம் மாதம் ஏழாம் நாள் கொண்டாடும் 'தனபாத்தா' என்னும் விண்மீன் விழா பல ஊர்களில் ஜூலை 7க்கு மாறியது. அது அந்நாட்டின் மழைக்காலம். விண்மீன்களைத் தேடினால் பெரும்பாலும் மேகமே தெரியும்! செண்டாய் நகரத்தார் இவ்விழாவை இன்றும் ஆகஸ்டு மாதத்திலேயே நடத்துகின்றனர்.

நமக்கு ஆயிரத்து எழுநூறு ஆண்டுகளில் நேர்ந்த நழுவல், அவர்களுக்கு ஒரே இரவில் நேர்ந்தது. ஆக, வானத்தைப் பார்த்து வைத்தாலும் மண்ணைப் பார்த்து வைத்தாலும் பெயர் தானாகக் காவல் காப்பதில்லை. பெயரையும் உண்மையையும் அவ்வப்போது ஒப்பிட்டுப் பார்க்க ஆள் வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்த்தவர்கள்

நம் நாட்டில் அத்தகையவர்கள் இல்லாமல் இல்லை. கி.பி. 6ஆம் நூற்றாண்டில் உஜ்ஜயினியில் வாழ்ந்த வராகமிகிரர் தம் பிருகத் சம்ஹிதையில் இதே சிக்கலைப் பேசுகிறார். பழைய நூல்கள் சூரியனின் வடதிருப்பம் அவிட்டத்தின் தொடக்கத்தில் நிகழ்வதாகச் சொல்கின்றன. இப்போதோ அது மகரத்தின் தொடக்கத்தில் நிகழ்கிறது என்கிறார். ஐயமிருந்தால் சூரியன் எழும் இடத்தையும் கோலின் நிழலையும் கவனித்து உறுதி செய்துகொள்ளவும் வழி கூறுகிறார். முன்னோர் சொல்லைத் தூக்கி எறியவுமில்லை. அதைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவுமில்லை. அளந்து பார்த்தார்.

பின்வந்தோர் பலர் அளப்பதை விட்டுவிட்டனர். அதற்கு ஒரு காரணமும் இருந்தது. இந்த நழுவல் 27 பாகை வரை சென்று மீண்டும் தானே திரும்பிவிடும் என்று சூரிய சித்தாந்தம் கூறியது. தானே திரும்பி வருமென்றால் திருத்துவானேன்?

சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில், நம் சென்னையிலேயே ஒருவர் மீண்டும் அளக்கத் தொடங்கினார். நுங்கம்பாக்கத்தில் இருந்த சென்னை வானாய்வு நிலையத்தில் பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரியார் அவர். 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர். தொலைநோக்கியில் காண்பதும் பஞ்சாங்கத்தில் எழுதுவதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று அவர் திருக்கணித முறையில் பஞ்சாங்கம் வெளியிட்டார். திருக்கணிதக் கணக்கில் நழுவல் சற்றுக் குறைவு; ஒரு நாள் தள்ளிப்போக ஏறத்தாழ 71 ஆண்டு ஆகும். குறைந்ததே தவிர நிற்கவில்லை.

நாடு விடுதலை பெற்ற பின் 1952இல், பௌதிகப் பேரறிஞர் மேகநாத சாகா தலைமையில் நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு அமைந்தது. அப்போது நாட்டில் முப்பது வகை நாட்காட்டிகள் வழக்கில் இருந்தன. குழு 1955இல் அறிக்கை தந்தது. அதன்படி 1957 மார்ச் 22 அன்று, சக ஆண்டு 1879 சைத்திரம் முதல் நாளாக, தேசிய நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது. பகலும் இரவும் சமமாகும் நாளுக்கு மறுநாள் ஆண்டு பிறக்கும். பருவம் இனி நழுவாது. அந்த நாளைக் காணச் சாகா உயிரோடு இல்லை. 1956 பிப்ரவரியில் காலமாகிவிட்டார்.

தேசிய நாட்காட்டி அரசிதழில் அச்சாகிறது. ஆனால் நம் வீட்டுச் சுவரை அது பிடிக்கவில்லை. ஏன்? அது பருவத்தைக் கட்டிப் பிடித்தது, விண்மீனை விட்டுவிட்டது. நூற்றாண்டுகள் செல்லச் செல்ல, அதன் சைத்திரத்தில் முழுமதி சித்திரை விண்மீனைவிட்டு விலகிக்கொண்டே போகும். பெயர் இருக்கும், பெயரின் பொருள் இராது. பழைய முறையையே தொடர்ந்தாலோ பெயரின் பொருள் இருக்கும், பருவம் இராது. இன்னும் 1,800 ஆண்டுகள் சென்றால், அடைமழைக்குப் பேர்போன ஐப்பசி இன்றைய கார்த்திகையின் இடத்துக்குப் போயிருக்கும். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்ற பழமொழியை நம்பி விதைப்பவர் ஒரு மாதம் பிந்தி விதைப்பார்! விண்மீனையும் பருவத்தையும் ஒருசேரக் கையில் பிடிக்க எந்த நாட்காட்டியாலும் இயலாது. எதைப் பிடித்திருக்கிறோம், எதை விட்டிருக்கிறோம் என்று அறிந்திருப்பதே நம்மால் ஆவது.

நீங்களும் அளந்து பாருங்கள்

இவ்வளவையும் தெரிந்துகொண்ட பின், அடுத்த மார்கழியில் பெரியவரையும் பேரனையும் எங்கள் மொட்டை மாடிக்கு அழைத்தேன். ஒரு மீட்டர் உயரமுள்ள கோலை நேர்செங்குத்தாக நிறுத்தினோம். சென்னைப் பகுதியில் அந்நாட்களில் உச்சி வேளை 12 மணி 8 நிமிட அளவில் வரும். அப்போது விழும் நிழலே அன்றைய நாளின் மிகக் குறுகிய நிழல். அதன் நீளத்தைக் கரித்துண்டால் தரையில் குறித்தோம். மார்கழி முதல் வாரத்தில் அந்த நிழல் ஏறத்தாழ 74 செ.மீ. வரை வந்து நின்றது. பிறகு நாளுக்கு நாள் குறுகத் தொடங்கியது. தை முதல் நாள், உச்சி வேளை 12 மணி 19 நிமிடம். நாடாவைப் பிடித்தவர் பெரியவர். நிழல் 68½ செ.மீ.

ஐந்தரை செ.மீ. குறைந்திருந்தது. பெரியவர் தரையில் இருந்த கோடுகளைக் குனிந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். "திரும்பி நாளாயிற்று. பையன் சொன்னது சரிதான்" என்றார். பேரன் உடனே, "நீங்கள் சொன்னதும் சரியாக இருந்ததுதான் தாத்தா, அந்தக் காலத்தில்" என்றான்.

மாணவ நண்பர்களே, இதற்குக் கோலும் நாடாவும் கரித்துண்டும் போதும். கன்னியாகுமரியில் இருப்பவர்களுக்கு மார்கழி 6இல் நிழல் 61 செ.மீ. அளவே இருக்கும், ஊர் தெற்கே போகப் போக நிழல் குறையும். உங்கள் ஊர்க் கணக்கை நீங்களே காணுங்கள். அடுத்த சித்ரா பௌர்ணமி இரவில் மாடிக்குச் சென்று, நிலாவுக்கு அருகில் வெண்ணிறமாக ஒளிரும் சித்திரை விண்மீனையும் தேடுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். நாடாவின் ஒரு முனையைப் பிடிக்க எப்படியும் இன்னொருவர் வேண்டுமல்லவா?